வெயிலும் கதாசிரியனும்

நம்முடைய கதைகளில் வெயில் எப்போதும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. 'கொளுத்தியது', 'தகித்தது', 'அனலாய் வீசியது' - இந்த மூன்றில் ஒன்றைப் போட்டுவிட்டால் ஆசிரியரின் கடமை தீர்ந்தது. கதாநாயகன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தன் காதல் விவகாரத்தைக் கவனிக்கப் போய்விடுகிறான். பிறர்மேல் குற்றமாக இதைச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் எழுதி வந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் ஆரணியை வைத்து ஒரு கதை எழுதினேன். ஒரு பட்டு நெசவாளி, கத்திரி வெயில், கடன், பெண்ணின் கல்யாணம். பாராட்டிச் சில கடிதங்கள்கூட வந்தன. அந்த ஊரிலேயே தறி போடும் ஒரு பெரியவரிடம் கதையைக் கொடுத்திருந்தேன். அபிப்பிராயம் கேட்கப் போனது மே மாதத்தில். கமண்டல நாகநதியில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கத்து வேலூரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அந்த மாதத்தில் ஒரு செய்தியே அல்ல.

பெரியவர் வீட்டில் மேற்குக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கியது. தரையில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அவர் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தபடியே சொன்னார்: "கதை நல்லாத்தான் இருக்குது சார். ஆனா உங்க ஆளு வெயில்ல சும்மா உக்காந்து வருத்தப்படறான். எங்களுக்கு அதுக்கு ஏது சார் நேரம்?"

பிறகு மெதுவாக விளக்கினார். காற்று உலர்ந்துவிட்டால் பட்டு இழை விறைத்துக்கொள்ளும்; அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாலே பொழுது போய்விடும். மின்விசிறி ஆளுக்கு நல்லது, பாவுக்கு ஆகாது. ஆகையால் அதை நிறுத்திவிட்டு வேர்க்கிறார். குழிக்குள் மண் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். பாவையும் அந்த ஈரம் காப்பாற்றும். வீதியில் பாவு நீட்டும் வேலை சூரியன் ஏறுவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். விடியலுக்கு முன் தறியில் உட்கார்ந்தால் பதினோரு மணிக்கு எழுந்துவிடலாம். என் நெசவாளியோ நட்டநடுப் பகலில் நெய்துகொண்டே கண்ணீர் விட்டான்!

வீடு திரும்பியதும் சங்கப் பாடல்களில் பாலைத் திணையை எடுத்துப் புரட்டினேன். பாலை என்றதும் நாம் ஒட்டகத்தையும் மணல்மேட்டையும் நினைத்துக்கொள்கிறோம். அந்தப் படம் வேறு தேசத்தது. தொல்காப்பியர் பாலைக்கு என்று தனி நிலம் கொடுக்கவில்லை. வேனிலையும் நண்பகலையும்தான் கொடுத்தார். மழை பொய்த்தால் முல்லையும் குறிஞ்சியும்கூடப் பாலையாகிவிடும் என்பது இளங்கோவடிகளின் கணக்கு. அதாவது பாலை ஓர் இடம் அல்ல. எந்த ஊருக்கும் வந்துவிடக்கூடிய ஒரு காலம். ஆரணிக்கு அது வருஷா வருஷம் வருகிறது.

அகநானூற்றின் 400 பாட்டில் சரிபாதி, 200, பாலைதான். எல்லாம் உயர்ந்த கவிதை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வரிசையாகப் படித்தால் கள்வரும் கழுகும் மாறி மாறி வந்து அலுப்புத் தட்டிவிடும். ஆனால் நல்ல கவிஞன் கை வைத்த இடத்தில் நடப்பதே வேறு. பாலை பாடிய பெருங்கடுங்கோ கலித்தொகையில் காட்டும் காட்டைப் பாருங்கள். கன்றுகள் கலக்கிவிட்ட கொஞ்சம் தண்ணீரை ஆண்யானை முதலில் பிடிக்கு ஊட்டிவிட்டு, அதற்குப் பிறகே தான் குடிக்கிறது. புறா தன் சிறகால் பேடைக்கு விசிறுகிறது. நிழலே இல்லாத இடத்தில் கலைமான் தன் உடம்பின் நிழலையே பிணைக்குக் கொடுக்கிறது. குறுந்தொகையிலும் இவர் யானை, பிடியின் பசிக்காக யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் காட்டும் உடன்போக்குக் காதலர், பச்சை நெல்லிக்காயை மென்றுவிட்டு மரா மரத்தின் வரிநிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நெல்லி தின்றபின் தண்ணீர் இனிக்கும் என்பது நடந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

பாலையின் உரிப்பொருள் பிரிவு, வெயில் வெறும் பின்னணி என்று பண்டிதர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. கலித்தொகைத் தலைவி, 'இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவரே அவர்தான், ஆகவே திரும்பி வருவார்' என்று தேறுகிறாள். வெயிலை உயிர்கள் சமாளிக்கும் விதமே அவளுக்குக் காதலின் சாட்சி. வெயிலை உருவிவிட்டால் அந்தப் பாட்டில் மிஞ்சுவது புலம்பல் மட்டும்.

இந்தக் காலத்தில் வெயிலைக் கதைக்குள் கொண்டுவந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' (1942) நாவலில் அல்ஜீரியக் கடற்கரையின் வெயில் ஒருவனைக் கொலைகாரனாக்குகிறது. அபாரமான அத்தியாயம்தான், ஆனால் அங்கே வெயில் ஒரு விதி, யாரும் அதோடு குடித்தனம் நடத்துவதில்லை. நம் பூமணியின் 'வெக்கை' (1982) பெருங்கடுங்கோவுக்கு நெருக்கமானது என்பேன். கொலை செய்துவிட்ட பையனும் அப்பனும் காட்டில் தலைமறைவாகத் திரிகிறார்கள். எங்கே தண்ணீர், எதைப் பொங்கித் தின்பது, பகலில் எந்த மறைவில் படுப்பது - பக்கம் பக்கமாக இதுதான். தகப்பன் பிள்ளை பாசத்தைப் பற்றி ஆசிரியர் பிரசங்கமே செய்வதில்லை. சோற்றைப் பகிர்வதில் அது தெரிந்துவிடுகிறது. இதிலிருந்து பிறந்த 'அசுரன்' (2019) திரைப்படத்தையும் பார்த்தேன். படத்தில் ரத்தம் அதிகம், வெக்கை குறைவு.

ஆரணிக் கதையைத் தொகுதியில் சேர்க்கும்போது திருத்த உட்கார்ந்தேன். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, நெசவாளியை விடியலுக்கு முன்பே எழுப்பினேன். அதற்குப் பிறகு அவனுக்கு அழ நேரமே கிடைக்கவில்லை. அவன் கண்ணீர் விடும் கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.