கொதிக்காது, சரி, குளிருமா?

தண்ணீரே கலக்காத கூலன்ட் என்று ஒன்று விற்கிறார்கள். 180 டிகிரி வரை கொதிக்காது, எஞ்சினுக்குள் துருப் பிடிக்காது, ஒருமுறை ஊற்றினால் மாற்றவே வேண்டாம் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. இந்தக் கோடை முழுக்க என் ஹோண்டா சிவிக் டைப் ஆரில் அதைத்தான் ஊற்றி ஓட்டினேன். டப்பாவில் எழுதியிருப்பதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இலை உதிரத் தொடங்கும் முன்பே அதை வடித்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பிவிட்டேன்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவிண்டன் தொழிற்சாலையில் செய்த இபி3. கியர் கம்பி டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். இரண்டு லிட்டர் கே20 எஞ்சின் கொடுக்கும் 200 குதிரைத்திறன் போதாமல், எனக்கு முன் வைத்திருந்தவர் சூப்பர்சார்ஜர் மாட்டிவிட்டார். 2023 ஆகஸ்ட் 29 அன்று, புகை கக்கும் வண்டிகளிடம் கட்டணம் பிடுங்கும் யூலெஸ் மண்டலம் லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது தப்பித்த வண்டி என்பதால், நாளுக்கு 12.50 பவுண்ட் தண்டம் கட்டாமல் ஓட்ட முடிகிறது. சூப்பர்சார்ஜர் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுதலாக எரிகிறது. சக்தி கூடுகிற அளவுக்கு ரேடியேட்டருக்குப் போகும் வெப்பமும் கூடுகிறது. ரேடியேட்டர் மட்டும் கம்பெனி கொடுத்த அதே ரேடியேட்டர்.

ஊற்றிய புதிதில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சாதாரணக் கூலன்ட்டில் எஞ்சின் சூடானதும் நீராவி அழுத்தம் ஏறி ரப்பர் குழாய்கள் கல்லாக இறுகிவிடும். இதில் நீராவிக்கு வழியே இல்லை. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் குழாயை விரலால் அழுத்த முடிந்தது. பழைய வண்டிக்காரர்கள் இதைக் கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டில் பத்து மாதம் கொட்டகையில் தூங்கும் மாரிஸ் மைனருக்கு இதைவிட நல்ல திரவம் கிடையாது. தண்ணீர் இல்லாத இடத்தில் அலுமினியமும் இரும்பும் அரிக்காது.

சங்கடம் ஹேங்கர் லேன் சந்திப்பில் தொடங்கியது. நார்த் சர்க்குலரில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் மாலையில், எஞ்சின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓபிடி கருவி காட்டிய வெப்பநிலை, தண்ணீரும் கூலன்ட்டும் கலந்த பழைய பாதிக்குப் பாதிக் கலவையைவிட ஐந்தாறு டிகிரி மேலேயே நின்றது. மின்விசிறி ஓயவே இல்லை. டாஷ்போர்டு முள்ளை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஓட்டுபவர் பயப்படக்கூடாது என்பதற்காக அந்த முள்ளை நடுவிலேயே நிற்கும்படி செய்து வைப்பது கார் கம்பெனிகளின் பழக்கம். எஞ்சினில் கை வைத்த யாரும் அந்த முள்ளை நம்பக்கூடாது.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல்தான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். பாதி எத்திலீன் கிளைகால் கலந்தால் அது 3.5 அளவுக்கு இறங்கும். தனிக் கிளைகாலுக்கு 2.4தான்; தண்ணீரில்லாத அந்த டப்பாவில் இருப்பதும் அடிப்படையில் கிளைகால்தான். வெப்பத்தைக் கடத்துவதிலும் கிளைகால் தண்ணீரில் பாதிகூடத் தேறாது. போதாக்குறைக்குக் கெட்டியானது; தண்ணீரைத் தள்ளுவதற்காகச் செய்த பம்ப் இதைத் தள்ளத் திணறுகிறது. ஆக, திரவம் கொதிப்பதில்லை. ஆனால் சிலிண்டர் ஹெட்டின் உலோகம் முன்பைவிடச் சூடாக இருக்கிறது. எஞ்சினை ஆளும் இசியு அதைக் கண்டுகொண்டு, நாக்கிங் வராமலிருக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. காசு கொட்டிச் சூப்பர்சார்ஜர் மாட்டி வாங்கிய குதிரைகளில் சில அங்கேயே இறங்கிப் போய்விடுகின்றன.

வெம்ப்ளிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பானட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “தம்பி, கொதிக்கிறது உம்மட பிரச்சினையே இல்லை. சூடு வெளியில போகேல்லை எண்டதுதான் பிரச்சினை,” என்றார்.

இதை 1930களிலேயே விமான எஞ்சின்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். சந்தேகம் உள்ளவர்கள் ஹெண்டனில் இருக்கும் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போகலாம்; அனுமதி இலவசம். ஸ்பிட்ஃபயருக்கும் ஹரிக்கேனுக்கும் உயிர் கொடுத்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின், 27 லிட்டர் எஞ்சின், தொடக்கத்தில் தனிக் கிளைகாலில்தான் ஓடியது. அதற்கு நியாயமும் இருந்தது: அதிகச் சூட்டில் ஓட விட்டால் சின்ன ரேடியேட்டர் போதும், காற்றின் இழுவை குறையும். ஆனால் கிளைகால் எந்தச் சந்திலும் கசிந்தது, தீயும் பற்றியது. 1940இல் ஸ்பிட்ஃபயர் இரண்டாம் மார்க்குக்கு வந்த மெர்லின் 12இல் 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைகால் என்று மாற்றி, முழு அமைப்பையும் அழுத்தத்தில் வைத்தார்கள். அழுத்தம் இருந்தால் தண்ணீரும் 100 டிகிரியைத் தாண்டிக் கொதிக்காமல் நிற்கும். இன்று நம் ரேடியேட்டர் மூடியில் 1.1 பார் என்று பொறித்திருப்பதும் அதே வேலைக்குத்தான். வெறும் தண்ணீரையே அது 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும். அப்புறம் எனக்கு 180 எதற்கு?

ஆகவே என் வண்டியில் இப்போது மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி தண்ணீர். டிஐ தண்ணீர், அதாவது அயனி நீக்கிய தண்ணீர். ஹேங்கர் லேனில் ஓபிடி எண் பாதிக்குப் பாதிக் கலவையைவிடவும் கீழே இறங்கியது. இதற்கும் குறைவாகக் கூலன்ட் ஊற்றலாமே என்று ஆசை வரும். பந்தயக்காரர்கள் தனித் தண்ணீரில் ஓடுகிறார்கள்; கிளைகால் தரையில் கொட்டினால் வழுக்கும் என்பதால் பைக் பந்தயங்களில் பெரும்பாலும் அதற்குத் தடையே உண்டு. அவர்கள் ஓட்டம் முடிந்ததும் வடித்துவிடுவார்கள். நம் வண்டியோ தெருவில் கிடக்கும். துருத் தடுப்பு மருந்து கூலன்ட் டப்பாவிலிருந்துதான் வரவேண்டும். மூன்றில் ஒன்றுக்குக் கீழே போனால் அலுமினிய எஞ்சினுக்கு அது போதாது. உறைநிலையைப் பார்த்தாலும் இந்தக் கலவை ஏறத்தாழ மைனஸ் 18 வரை தாங்கும். லண்டன் மைனஸ் 10ஐத் தொடுவதே அபூர்வம். பாதிக்குப் பாதி தரும் மைனஸ் 37 இங்கே யாருக்கு வேண்டும்?

தண்ணீர் என்றதும் சமையலறைக் குழாயைத் திறப்பவர்களிடம் எனக்குச் சண்டை இருக்கிறது. லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வந்த கடின நீர். லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கார்பனேட் உள்ள பகுதிகளே அதிகம். கெட்டிலின் அடியைப் பார்த்தால் போதும். கால்சியம் கார்பனேட்டின் குணம் தலைகீழானது: சர்க்கரை சூட்டில் கரையும், இது சூட்டில் படியும். எஞ்சினுக்குள் எங்கே சூடு அதிகமோ, அந்த எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றித்தான் போய் ஒட்டும். குளிர்ச்சி அதிகம் வேண்டிய இடத்துக்கே கம்பளி போர்த்திவிட்ட மாதிரி.

ஜப்பானிய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. துருத் தடுப்பு மருந்துகளில் ஒன்றான சிலிகேட் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று ஜப்பானியக் கம்பெனிகள் அதை ஒதுக்கிப் பாஸ்பேட் சேர்க்கின்றன. ஐரோப்பியக் கம்பெனிகளோ இங்குள்ள கடின நீரில் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து கசடாகும் என்று பாஸ்பேட்டைத் தவிர்க்கின்றன. இருவர் சொல்வதும் சரி. ஹோண்டாவின் நீல நிற டைப் 2 கலந்தே வருவதால் கவலை இல்லை. ஆனால் செறிவான ஜப்பானியக் கூலன்ட் ஒன்றை வாங்கி வந்து, ஈஸ்ட் ஹாம் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கலப்பவர், ஐரோப்பியர்களின் எச்சரிக்கையை ஒரே குடத்தில் மீறுகிறார். ஐந்து லிட்டர் டிஐ தண்ணீர் சில பவுண்டுகள்தான். பேட்டரிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஊற்றுகிற அதே தண்ணீர். துணி உலர்த்தும் இயந்திரத்தின் தொட்டித் தண்ணீரை ஊற்றும் கஞ்சர்களும் உண்டு. அதில் நூல் துணுக்கு மிதக்கும், வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. “உங்களுக்குச் சிவப்பா, நீலமா?” என்று கேட்கும் கடைக்காரரிடம் கூலன்ட் வாங்காதீர்கள். நிறம் என்பது சாயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; எல்லாரையும் கட்டுப்படுத்தும் பொது விதி கிடையாது. ஒருவரின் சிவப்பும் இன்னொருவரின் சிவப்பும் கலந்தால் கூழாகிற வாய்ப்பும் உண்டு. டப்பாவைத் திருப்பி, ஆர்கானிக் அமில வகையா, சிலிகேட் உண்டா, பாஸ்பேட் உண்டா, பிஎஸ் 6580 தரம் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் குப்பி மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தேன். சூடான உலோகத்தில் ஒட்டும் நீராவிக் குமிழிகள் சீக்கிரம் விலகும் என்பது தத்துவம்; தத்துவம் சரிதான். என் கருவியில் ஓரிரு டிகிரி வித்தியாசம் தெரிந்தது. அன்று காற்று கொஞ்சம் கூடுதலாக வீசியிருந்தாலும் அவ்வளவு தெரிந்திருக்கும்.

தண்ணீரில்லாத் திரவத்திடம் எனக்கு மிச்சமிருக்கும் கோபம் விலையில்லை, அதுவும் பல மடங்கு என்றாலும். வழியில் ஒரு குழாய் கசிந்தால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் அது கிடைக்காது. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அதுவரை செலவழித்த காசு போச்சு. அதனால் ஒரு டப்பாவை டிக்கியில் சுமந்துகொண்டே திரிய வேண்டும். வடித்ததையும் தெருச் சாக்கடையில் ஊற்ற முடியாது; கிளைகால் இனிக்கும், நக்கிய பூனை பிழைக்காது. கவுன்சில் குப்பை மையத்துக்குத்தான் போகவேண்டும்.

டிசம்பரில் ஸ்காட்லாந்துக்கு வண்டியில் போகிறவர்கள் மட்டும் என் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். பிரேமாரில் 1982 ஜனவரியில் மைனஸ் 27.2 பதிவாகியிருக்கிறது. கிளம்பும் முன்பே பாதிக்குப் பாதி மாற்றிக்கொள்ளுங்கள். கிளாஸ்கோ குழாய்களில் வருவது லாக் கேட்ரின் ஏரியின் மென்னீர். அங்கே அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.