பிராக்குப் பாராதை!

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு மணித்தியாலம் சும்மா நின்று பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எல்லாம் தாண்டி வந்த பஸ் ஆட்களை இறக்கிவிடுகிற இடம் அது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் படகு. நெடுந்தீவுப் படகைத் தவறவிட்டால் அன்றைய அலுவல் கெட்டுப்போகும். ஆகவே கவனம் சிதறியவர்களை அதட்டும் சொற்களுக்கு அந்தத் துறையில் பஞ்சமே இல்லை.

முதலில், சிதறியது எது என்று கேளுங்கள்

கண் அலைந்தால் அது பிராக்கு. “உங்கை என்ன பிராக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறாய், படகு வெளிக்கிடப் போகுது!” எழுத்தில் பராக்கு, வாயில் பிராக்கு. அடுத்தவர் வீட்டுக் கதையில் காது போனால் விடுப்பு. நாலு பேர் கதைக்கிற இடத்தில் வேலையை மறந்து நின்றால் வாய் பார்க்கிறது. நேரம் கரைந்தால் மினக்கேடு. “கடையிலை மினக்கெடாமல் ஓடி வா” என்று சொல்லி அனுப்பாத அம்மா தீவில் உண்டா?

இரண்டாவது, வினையைக் கவனியுங்கள்

‘டிஸ்ட்ராக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் ‘பிய்த்து இழுத்தல்’. இழுப்பது வேறொன்று; ஆள் பாவம், இழுபடுகிறவர். நினைவு எங்கோ போனவரை ‘கம்பளி பொறுக்கப் போனவர்’ என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். முட்செடியில் சிக்கிய ஆட்டு ரோமத்தைப் பொறுக்க அங்குமிங்கும் அலைவதிலிருந்து வந்த பேச்சு அது. நம் பேச்சில் சாட்டுக்கு இடமில்லை. பிராக்குப் பார்ப்பதும் நீதான், விடுப்புக் கேட்பதும் நீதான், மினக்கெடுவதும் நீதான். அதனால்தான் இந்தச் சொற்கள் அநேகமாக ஏச்சாகவே வருகின்றன.

மூன்றாவது, வால் எப்படி முடிகிறதென்று பாருங்கள்

பிள்ளைக்கு “பாராதை”. கணவனோ மனைவியோ ஒத்த வயதுக்காரரோ என்றால் “பாராதையும்”. மாமா, மாமி, பெரியவர்களுக்கு “பாராதேங்கோ”. குற்றம் ஒன்றுதான், மரியாதை மூன்று. முகத்தைப் பார்க்காமலே யார் யாரை அதட்டுகிறார் என்று சொல்லிவிடலாம்.

நான்காவது, கடலுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பாருங்கள்

தமிழ்நாட்டில் விடுப்பு என்றால் அலுவலகத்தில் எடுக்கும் லீவு. புதினம் அங்கே நாவல், இங்கே “என்ன புதினம்?” என்றால் ஊர்ச் செய்தி. மினக்கேடு இன்னும் சுவை. ‘வினைக்கெடு’ என்பதன் திரிபு, அதாவது வேலையைக் கெடுத்துக்கொள்வது. அதே சொல் அக்கரையில் ‘மெனக்கெட்டுச் செய்தேன்’ என்று பாடுபட்டதற்குச் சான்றாக நிற்கிறது. ஒரே சொல், அங்கே பெருமை, இங்கே பேச்சு வாங்கல். பராக்கு இன்னும் குறும்பு. கூத்துமேடையில் கட்டியகாரன் ‘பராக்’ என்று கூவினால் எல்லாரும் கவனிக்கவேண்டும் என்று அர்த்தம்!

கடைசியாக, ஏச்சில்லாத ஓர் இடம்

இத்தனை திட்டுக்கு ஆளான பிராக்குக்கும் ஒரு நல்ல வேலை உண்டு. பின்னேரம் கரையோரத்து வீடுகளில் பாருங்கள். கோப்பையும் கையுமாக அம்மம்மா நிற்பார். இடுப்பில் பேரன், வாயை இறுக மூடியபடி. “அங்கை பார், காகம்! அங்கை, வள்ளம்!” பிள்ளையின் கண் கடலுக்குப் போகும், வாய் தானாகத் திறக்கும், ஒரு பிடி சோறு உள்ளே போய்விடும். “பிராக்குக் காட்டித் தீத்தினால்தான் சாப்பிடுவான்” என்பார்.

அப்படிச் சோறு தின்று வளர்ந்தவனைத்தான் பத்து வருடம் கழித்து இறங்குதுறையில் ஏசுகிறார்கள், வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று.