கடுகு மஞ்சளும் கிழங்கு மஞ்சளும்

வசந்த பஞ்சமிக்கு மஞ்சள் உடை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லும் கையேடுகள் இப்போது தமிழிலும் வர ஆரம்பித்துவிட்டன. ஒரு பத்துப் பதினைந்தை வரிசையாக உட்கார்ந்து படித்தேன். எல்லாம் ஒரே அச்சு. எலுமிச்சை மஞ்சள், கடுகு மஞ்சள், மாம்பழ மஞ்சள் என்று ஒரு பட்டியல். சிவப்பா இருந்தா இது, மாநிறமா இருந்தா அது என்று ஓர் அட்டவணை. கடைசியில் ஜிமிக்கி, வளையல், லிப்ஸ்டிக். கருப்பாக இருப்பவர்கள் பளிச்சென்ற மஞ்சளைத் தவிர்க்கலாம் என்கிற பொருளில் ஒரு வரியும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. என் விமர்சனம் முக்கியமாக அந்த வரியின் மேல்தான். அதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும்.

வடக்கே இந்தப் பண்டிகையின் மஞ்சள் காரணமில்லாமல் வந்ததில்லை. ஜனவரி, பிப்ரவரியில் அங்கே கடுகு வயல்கள் பூத்து மஞ்சளாக விரிந்து கிடக்கும். அந்த வயலைத்தான் உடம்பில் கட்டிக்கொள்கிறார்கள். வங்காளத்தில் சரஸ்வதி பூஜைக்குப் பெண்கள் அந்த நிறத்தில்தான் சேலை உடுத்துவார்கள். டெல்லி நிஜாமுதீன் தர்காவில்கூட, அமீர் குஸ்ரோவின் பெயரைச் சொல்லி, மஞ்சள் உடுத்தி இந்த நாளைக் கொண்டாடும் மரபு இருக்கிறது. ஆக அது கண்ணால் பார்த்த ஒரு நிறம், பருவத்தின் நிறம்.

நம்ம பக்கம் கதை வேற. 2026இல் வசந்த பஞ்சமி ஜனவரி 23. அப்போ சிதம்பரத்தைச் சுற்றி வீராணம் பாசனத்தில் கடுகு ஏது? சம்பா நெல்தான் முற்றி நிற்கும். நமக்கு இளவேனில் என்பதே சித்திரையும் வைகாசியும். சரஸ்வதி பூஜையோ நவராத்திரியில். ஆனால் மஞ்சள் துணி நமக்குப் புதுசு இல்லை. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், நடுவில் மாரியம்மன் காப்புக்கட்டு என்று தை முதல் பங்குனி வரை கடலூர் மாவட்டத்தில் மஞ்சள் துணி நடமாடிக்கொண்டேதான் இருக்கும். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் காரடையான் நோன்புக்குக் கட்டுகிற சரடும் மஞ்சள்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த மஞ்சள் ஒரு நிறத்தின் பெயர் மட்டும் இல்லை, ஒரு பொருளின் பெயர். கிழங்கை அரைத்துக் கரைத்து, வெள்ளைத் துணியை முக்கி எடுப்பது. குர்குமின் என்கிற சாயப்பொருள் படிகாரம் எதுவும் சேர்க்காமலே பருத்தியில் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெயிலில் நிற்காது. எங்க வீட்டு மொட்டை மாடியில் சோதித்தேன். முக்கிய துணியின் பாதியை அட்டையால் மூடி, மீதியை நாலு நாள் கடலூர் வெயிலில் விட்டேன். மூடிய பாதி மஞ்சளாக இருக்க, திறந்த பாதி வெளிறிப்போனது. சோப்பு பட்ட இடம் சிவந்தது; ஆரத்தியில் சுண்ணாம்பு சேர்ந்ததும் மஞ்சள் தண்ணீர் சிவக்கிறதே, அதே வேதியியல்தான்.

சாயக்காரர் பார்வையில் இது மட்டமான சாயம். விரதத்துக்கோ இது போதும். காப்புக் கட்டியதிலிருந்து அவிழ்க்கும் வரை நின்றால் சரி. அப்புறம் அது தானாகவே சாதாரணத் துணியாகிவிடும்.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு துணிக்கடையில் மஞ்சள் வேட்டி கேட்டேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கோயிலுக்குண்ணே?" மேல்மருவத்தூர் என்றால் சிவப்பு, சபரிமலை என்றால் கருப்பு, சமயபுரம் என்றால் மஞ்சள். உடுத்துகிறவர் என்ன நிறம் என்பது அந்தக் கேள்வியில் வரவே இல்லை. பங்குனி உத்திரத்துக்கு விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கோயிலில் காவடிக் கூட்டத்தைப் பாருங்கள். முதலாளியும் கூலிக்காரரும் ஒரே மாதிரி துணியில் நிற்பார்கள். யாருக்கு எடுப்பாக இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

இப்போ அந்த வரிக்கு வருவோம். கருப்புக்குப் பளிச் மஞ்சள் ஆகாதாம். சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராஜப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். கரிய மேனி என்று பாடப்பட்ட திருமாலுக்கு உடை பீதாம்பரம், அதாவது மஞ்சள் ஆடை. அம்மன் கோயிலில் மஞ்சள் காப்பு பார்த்திருப்பீங்க. எண்ணெய் ஏறிக் கறுத்த கல், அதன்மேல் இருப்பதிலேயே பளிச்சான மஞ்சள். நம்ம ஊரில் மஞ்சள் பூசிக் குளித்த முகங்களும் பெரும்பாலும் கருத்த முகங்கள்தான். கண்ணைக் கவர்வதே அந்த எதிர்நிறம். வேறு யாருக்கோ போட்ட தோல் அட்டவணையை இங்கே கொண்டுவந்து ஒட்டினால், கோயிலுக்குக் கிளம்புகிற ஒரு பெண் பிள்ளை கண்ணாடி முன் நின்று, இந்தச் சாமிக்கு உரிய நிறம் தனக்குப் பொருந்தாதோ என்று யோசிக்க வேண்டிவருகிறது. அழகுக் குறிப்பு என்ற பேரில் இதைச் செய்வது சின்ன விஷயம் இல்லை.

கையேடுகளில் உருப்படியானதும் இருக்கிறது. மஞ்சளில் பல சாயல் உண்டு என்பதும், தங்கம் மஞ்சளோடு கலந்து மங்கிப்போகும் என்பதும் சரி. ஆனால் நம்ம நெசவாளர்கள் அதற்கு எப்பவோ விடை கண்டுவிட்டார்கள். மஞ்சள் உடலுக்கு அரக்கு பார்டர், அல்லது கிளிப்பச்சை பார்டர். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலையும் பார்டரையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைப்பது இந்த எதிர்நிறத்துக்காகத்தான். நகையும் அந்தப் பார்டர் பக்கம் இருந்தால் எடுப்பாகத் தெரியும்.

ஆக, என் சிபாரிசு இதுதான். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ கிள்ளைக்கோ போறீங்கன்னா பருத்தி எடுங்க. நனைந்தாலும் உடம்பில் ஒட்டி உறுத்தாது. கடைச் சாயத்துணி என்றால் ஒருமுறை தனியா அலசிட்டுக் கட்டுங்க. விரதத்துக்கு என்றால் வெள்ளை வேட்டியோ சேலையோ வாங்கி வீட்டிலேயே மஞ்சள் கரைத்து முக்குங்க, சோப்பு போடாதீங்க, நிழலில் காயப்போடுங்க. தோல் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.