கோலமும் மெய்ப்பொருளும்

மக்கள் உடுப்பனவற்றை இருவகையாகப் பகுத்து நோக்கலாம். குளிரும் வெயிலும் தாங்கவும் மானம் காக்கவும் உடுப்பது ஒன்று. தாம் இன்ன நிலையினர், இன்ன நெறியினர் என்பதைப் பிறர்க்குப் புலப்படுத்த உடுப்பது மற்றொன்று. முன்னதை உடை என்றும் பின்னதைக் கோலம் என்றும் ஈண்டுக் குறிப்பாம். ஆடவர் முறைமையாகப் பூணும் அரசக் கோலத்திற்கும் தவக் கோலத்திற்கும் ஆன்மநெறியைச் சார்ந்த பொருள் உண்டோ, அன்றி அவை வெறும் புறத்தோற்றமேயோ என்னும் வினாவிற்குத் தமிழ் நூல்கள் விடை கூறியுள்ளன. அவ்விடைகள் தம்முள் முரணுவன போலத் தோன்றுகின்றன. திருக்குறள் பொய்க்கோலத்தைக் கடிந்துரைக்கின்றது. பெரியபுராணமோ பொய்க்கோலத்தை வணங்கி உயிர் நீத்தவரை அடியாராகப் போற்றுகின்றது. இம்முரண் மெய்யானதுதானா என்பதை ஆராய்வதே எம் நோக்கம்.

உடை என்னும் அளவில் ஆடவரிடையே ஏற்றத்தாழ்வு இல்லை என்பது சங்கச் சான்றோர் கண்ட முடிபு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய புறநானூற்று 189ஆம் பாட்டு, கடல் சூழ்ந்த நிலம் முழுவதையும் ஆளும் வேந்தனையும், இரவும் பகலும் துயிலாது விலங்கின் பின் அலையும் கல்லா வேட்டுவனையும் ஒரு நிரையில் நிறுத்துகின்றது. இருவர்க்கும் வேண்டும் ஆடை இரண்டே. ஆதலின் எஞ்சிய செல்வத்தின் பயன் பிறர்க்கு ஈதலே எனப் புலவர் முடிக்கின்றார். ஆடையின் விலையும் மிகுதியும் ஒருவனை உயர்த்தமாட்டா என்பது இதனாற் பெறப்படும்.

கோலத்தின் இயல்பு இதனின் வேறாம். திருமுருகாற்றுப்படையில் திருவேரகத்து வழிபடும் அந்தணர், நீராடிய ஈரம் நீங்காத ஆடையை உடம்பிலேயே உலருமாறு உடுத்து, கைகளைத் தலைமேற் குவித்து, ஆறெழுத்து மந்திரத்தை ஓதுகின்றனர். அவ்வாடைக்கு வேலைப்பாடோ வண்ணமோ சிறப்பாகக் கூறப்படவில்லை, ஈரமே கூறப்படுகின்றது. ஈர ஆடை உடம்பிற்கு இன்பம் தருவதன்று. அதனைப் பொறுத்து நிற்றல் ஒரு நோன்பு. திருவாவினன்குடிக்கு வரும் முனிவர்க்கும் அந்நூல் மரவுரியையே உடையாகக் காட்டுகின்றது. எனவே கோலம் என்பது, உடுத்தோன் தன்மேல் ஏற்றுக்கொண்டதோர் ஒழுக்கத்தின் அடையாளம் எனலாம். இதுவே அதன் முதற்பொருள்.

ஏற்ற ஒழுக்கத்தைக் கைவிட்டு அடையாளத்தை மட்டும் தாங்குவோனது நிலை என்ன? கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இதனையே ஆராய்கின்றார். மனவலி இல்லாதான் பூண்ட தவக்கோலம், பசு புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிரை மேய்ந்ததனோடு ஒக்கும் என்பர். தவவேடத்தில் மறைந்து தீமை செய்தலைப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேட்டுவன் செயலோடு ஒப்பிடுவர். புறத்தே சிவந்தும் மூக்கிற் கறுத்தும் இருக்கும் குன்றிமணியையும் உவமை ஆக்குவர். உலகம் பழித்ததை ஒழிப்பார்க்கு மழித்தலும் நீட்டலும் வேண்டுவதில்லை என்பது 280ஆம் குறளின் கருத்து. இவ்வதிகாரத்தைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். வள்ளுவர் தவக்கோலத்தையே இழித்துரைக்கவில்லை. புலித்தோலுக்கு மதிப்பு இருப்பதனாலன்றோ பசு அதனைப் போர்த்து ஏமாற்ற இயலுகின்றது! அவர் கடிவது கோலத்திற்கு ஒவ்வாத உள்ளத்தையே.

இனி, கோலத்தைக் காண்பவன் நிலையை நோக்குவாம். கம்பர் காப்பியத்து அயோத்தியா காண்டத்தில், பெரும்படையோடு வரும் பரதனை இராமன்மேற் போருக்கு எழுந்தவன் எனக் கருதிய குகன், கங்கையின் தென்கரையில் போர்க்கோலம் கொண்டு நிற்கின்றான். பரதனை நேரிற் கண்டவுடன் அவன் கைவில் நழுவி வீழ்கின்றது. குகன் கண்ணிற் படுவனவற்றைக் கம்பர் அடுக்கும் முறை கருதத்தக்கது. முதலில் மரவுரி, அடுத்து மாசு படிந்த மேனி, அதன்பின் ஒளியிழந்த முகம், இறுதியில் கல்லையும் கரைக்கும் துயரம். ஆடையிற் புகுந்த பார்வை படிப்படியாக உள்ளத்தைச் சென்று சேர்கின்றது. பரதனுடன் இருவகை அடையாளங்கள் வந்தன. படை பகைமையைக் காட்டிற்று. மரவுரி அன்பைக் காட்டிற்று. இராமன் மரவுரி உடுத்தது பெற்றோர் சொல்லால். பரதனை அவ்வாறு உடுக்குமாறு ஏவினார் எவருமிலர். தானே ஏற்ற அக்கோலம் பொய்யாகாது என்பதைக் கல்வியறியா வேடன் உணர்ந்துகொண்டான்.

குகன் பெற்ற காட்சி மெய்யாயிற்று. காட்சி பொய்யாகும் இடத்தில் யாது செய்வது? மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது. திருக்கோவலூரை ஆண்ட அம்மன்னரிடம் பலமுறை தோற்ற முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசிச் சடைமுடி கட்டிச் சுவடிக்கட்டினுள் படைக்கருவியை மறைத்து வந்தான். ஆகமப் பொருள் உரைப்பதாகக் கூறித் தனியிடம் பெற்றுத் தான் நினைத்ததை முடித்தான். குத்துண்ட மன்னர் அத்திருவேடத்தை வணங்கினார். வாளோடு பாய்ந்த மெய்காவலன் தத்தனைத் தடுத்து, வந்தவன் நம்மவன் என்றார். அவனை இடையூறின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார்.

நாயனார் பேதைமையால் ஏமாந்தார் என்று இதனைக் கொள்ளலாமோ? கொள்ளுதற்குச் சேக்கிழார் இடந்தரவில்லை. முத்தநாதன் உள்ளத்து இருளை அவர் மறைக்கவில்லை. அகத்தே கருமையைப் பொதிந்த விளக்கோடு அவனை ஒப்பிடுகின்றார். வள்ளுவரின் குன்றிமணியும் சேக்கிழாரின் விளக்கும் ஒரே குற்றத்தையே சுட்டுகின்றன. குத்துண்ட பின்னர் நாயனார்க்கும் அவன் யார் என்பதில் ஐயம் இருந்திருக்க இயலாது. அறியாமையால் அன்று, அறிந்தே அவர் அவனைக் காத்தார். பகைவன் கோலத்தைக் கருவியாக்கினான்; அதனால் கோலம் குறித்த பொருள் அவர்க்குக் கெட்டுவிடவில்லை. அவனை அந்நிலையிற் கொல்வித்திருப்பின், திருநீற்றுக் கோலத்தைக் கண்டு அஞ்சும் வழக்கம் அன்றே அந்நாட்டில் தொடங்கியிருக்கும். வெகுண்டு சூழ்ந்த நகரத்தாரைத் தத்தன் அரசன் ஆணை கூறி விலக்கினான் என்னும் செய்தியும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றது. நாயனாரைச் சுந்தரர் வெல்ல வல்லவர் எனப் பாடியதன் பொருத்தமும் இவ்விடத்தே விளங்கும்.

ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். நாட்டைக் காக்கும் கடமையுடைய மன்னன் கொலைஞனை விடுத்தல் அரசநீதிக்கு ஒக்குமோ என்னும் வினாவிற்குப் பெரியபுராணத்தில் நேர்விடை இல்லை. அடியார் நெறியும் அரசநெறியும் மோதிய இடத்து மன்னர் முன்னதைத் தேர்ந்தார்; அதற்குரிய விலையைத் தம் உயிராற் கொடுத்தார். பிறர் உயிரை விலையாக வைத்திருப்பின் அச்செயலை நாம் இவ்வாறு போற்ற இயலாது.

இதுகாறும் கண்டவற்றால் முரண் நீங்குகின்றது. வள்ளுவர் உடுத்தோனை நோக்கிப் பேசுகின்றார். சேக்கிழார் காண்போன் நிலையைப் பேசுகின்றார். உடுத்தோன் தன் கோலத்தைத் தானே ஐயுற்று ஆராய வேண்டும். காண்போன் பிறர் கோலத்தை மதித்துத் தொடங்க வேண்டும். இவ்விரண்டும் இடம் மாறினால் தீங்கு விளையும். தன் கோலத்தைத் தானே வணங்குவோன் செருக்குறுவான். பிறர் கோலம் அனைத்தையும் ஐயுறுவோன் பரதனைக் கண்டபோதும் வில்லைக் கீழே இடான்.

இன்றும் பல பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறுவோர் மேலங்கி அணிந்து, கற்ற கல்விக்கு ஏற்ப ஒழுகுவோம் என உறுதிமொழி கூறும் வழக்கம் உண்டு. அங்கி உடுத்த பொழுதிலேயே உறுதிமொழியும் கூறப்படுதல் கருதத்தக்கது. விழா முடிந்து அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றோம். உறுதிமொழியைத் திருப்பிக் கொடுக்கும் இடம் எங்கும் இல்லை. ஏரகத்து ஈர ஆடை உணர்த்தியதும் அதுவே.