இருவருக்கு நடுவே

சோடியாக ஆடும் ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஆடுகிற இருவரையே பார்க்கிறார்கள். சித்திரம் படிப்பித்த பழக்கத்தால் என் கண் வேறு இடத்துக்குப் போய்விடும். இரண்டு உடல்களுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடம் எங்கே ஒடுங்குகிறது, எங்கே விரிகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வால்ட்ஸ் ஆடும் சோடியிடமும் அதைத்தான் தேடுகிறேன். ஊவாத் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியும் மதனும் எதிரெதிரே வரும்போதும் அதைத்தான் தேடுகிறேன். ஆட்டத்தில் புதிதாகப் பிறக்கிற ஒன்று உண்டென்றால் அது அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது என் துணிபு.

இது வகுப்பறையில் எனக்குத் தெளிந்த விஷயம். விரும்பியதை வரையுங்கள் என்று விட்டால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே படத்தைத் தருவார்கள்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. ஜன்னலுக்கு வெளியே 2,036 மீற்றர் உயரத்தில் நமுனுகுலை நிற்கும். அதன் முதுகு எந்த முக்கோணத்துக்கும் அடங்காது. ஆனாலும் தாளில் முக்கோணம்தான் வரும். அதே பிள்ளைகளிடம், "ரெண்டு பேர் கைகோர்த்து நிக்கிறாங்க. ஆளை வரையக் கூடாது. அவங்களுக்கு நடுவில இருக்கிற இடத்தை மட்டும் வரைங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தாளைப் போல இன்னொரு தாள் வராது. முழுச் சுதந்திரம் கொடுத்தபோது பழகிய படத்தைப் போட்ட கை, ஒன்றைத் தடுத்தவுடன் பார்க்கத் தொடங்குகிறது.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883ல் சோடி நடனத்தை மூன்று பெரிய ஓவியங்களாக வரைந்தார். நகரத்து நடனம், நாட்டுப்புற நடனம், பூஜிவால் நடனம். முதல் இரண்டும் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, மூன்றாவது பொஸ்டனில். நகரத்துச் சோடி வெண்பட்டும் கையுறையுமாக நெருங்கித்தான் நிற்கிறது. ஆனாலும் நடுவே ஒரு விறைப்பு ஓடுகிறது. நாட்டுப்புறத்துச் சோடிக்கு நடுவே இடமே இல்லை. அந்தப் பெண் விசிறியோடு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்கு உயர்ந்தது பூஜிவால்தான். ஆண் குனிந்து நெருங்குகிறான், சிவப்புத் தொப்பிக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவனுடைய தொப்பி விளிம்புக்கும் அவளுடைய கன்னத்துக்கும் நடுவில் சாய்ந்து கிடக்கும் அந்தச் சிறு இடம்தான் முழு ஓவியத்தையும் சுழல வைக்கிறது. நகரத்து ஓவியத்துக்கு மாதிரியாக நின்ற சுசான் வலதோன் பிறகு தானே பேர்பெற்ற ஓவியரானார். நின்றபடியே அவர் எவ்வளவு கவனித்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஓய்வுபெற்ற பிறகு நானும் மனைவியும் வால்ட்ஸ் பழகினோம். வெளியிலிருந்து பார்க்கச் சுழற்சியாகத் தெரிவது உள்ளே மிகச் சிறிய கணக்கு. மூன்று எண்ணிக்கை: ஒன்றில் அடி வைக்க வேண்டும், இரண்டில் பக்கவாட்டில் போக வேண்டும், மூன்றில் காலைச் சேர்க்க வேண்டும். ஒன்று முடியும் தறுவாயில் உடல் எழத் தொடங்கி, மூன்றின் முடிவில் தணிகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 தாளவட்டம். மண்டபத்தை எல்லாச் சோடிகளும் இடஞ்சுழியாகவே சுற்றிவர வேண்டும். இங்கிலாந்தில் நடன ஆசிரியர் சங்கம் பால்ரூம் நடனங்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கி இவற்றையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவரப் புறப்பட்டது 1924ல். ரயில் பாதை பதுளைவரை வந்து சேர்ந்ததும் அதே ஆண்டுதான்.

இவ்வளவு இறுக்கமான விதிக்குள் புதுமைக்கு ஏது இடம் என்று கேட்கலாம். பின்னோக்கி நடக்கிறவருக்குத் தான் போகிற வழி தெரியாது. முன்னே நடத்துகிறவர் கையால் தள்ளினால் ஆட்டம் கெட்டுவிடும். நெஞ்சு திரும்பும் அந்த ஒரு கணத்திலேயே செய்தி போய்விட வேண்டும். அதை வாங்கிக்கொள்கிறவரும் சும்மா பின்தொடர்வதில்லை. எவ்வளவு தூரம் கால் வைப்பது, எழுச்சியை எவ்வளவு நேரம் தாங்குவது என்று அவர் தருகிற பதில் அடுத்த அடியை மாற்றிவிடும். ஒரே இசைக்கு ஒரே அடியை வைக்கிற இரண்டு சோடிகள் இரண்டு வேறு ஆட்டமாகத் தெரிவதற்குக் காரணம் இந்தப் பேச்சுவார்த்தைதான்.

இந்த நடனம் நம் மலைக்கு வந்தது துரைமாரோடு. 1893ல் தோட்டத் துரைமாரின் கிளப்பாகத் தொடங்கிய பண்டாரவளை ஹோட்டல் இன்றும் நிற்கிறது. அப்படிப்பட்ட கிளப்புகளுக்குள் நம் ஆட்கள் அந்தக் காலத்தில் போனது தட்டு ஏந்தத்தான். அது தெரிந்தும் வால்ட்ஸின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆட்டம் யாருக்கும் சொந்தமில்லை.

ஆனால் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் தொழிலாளர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் பிறந்தவர்கள் அல்லர். அவர்களிடம் அப்போதே ஒரு சோடி ஆட்டம் இருந்தது, தமிழகத்திலிருந்து கூடவே கொண்டுவந்தது. மாசி வளர்பிறையில் பொட்டலில் காமன் ஊன்றுவார்கள். விரதம் இருந்து வேடம் கட்டுவார்கள். பௌர்ணமியை ஒட்டி இரவு முழுக்க ஆடித் தகனத்தில் முடிப்பார்கள். சூரபத்மனின் கொடுமையைத் தாங்காத தேவர்கள், தவத்தில் இருக்கும் சிவன்மேல் மலர்க்கணை விட மன்மதனை அனுப்புகிறார்கள். நெற்றிக்கண் அவனைச் சாம்பலாக்குகிறது. கதை எல்லாருக்கும் தெரியும். கதை தெரிந்திருப்பதால்தான் கண்ணுக்கு ஆட்டத்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

ரதியாக வருவதும் வழக்கமாக ஓர் ஆண்தான். அட்டையில் சரிகைத் தாள் ஒட்டிய முடி, முத்துவெள்ளை பூசிய முகம், மதன் கையில் கரும்பு வில். தப்புப் பறையை நெருப்பில் காட்டித் தோலை இறுக்கிய பிறகு அடி விழும். ரதியும் மதனும் தொடுவதில்லை. எதிரெதிரே முன்னேறுகிறார்கள், ஒரு முழ தூரத்தில் நின்றுவிடுகிறார்கள், தோள் உரசாமல் கடந்து இடம் மாறுகிறார்கள், திரும்புகிறார்கள். வால்ட்ஸில் கைகளே ஒரு சட்டகமாக இடைவெளியைப் பிடித்துவைக்கும். இங்கே அதைப் பிடித்துவைக்கப் பார்வையையும் தப்பையும் தவிர வேறொன்றும் கிடையாது. போகவேண்டாம் என்று ரதி தடுக்கிற கட்டத்தைக் கவனியுங்கள். மதன் ஒரு அடி விலகினால் ரதி ஒரு அடி நெருங்க வேண்டும். அவன் விலகுவதை அரை அடியாகக் குறைத்தாலே மனம் தடுமாறுகிறான் என்று பொட்டலில் இருக்கும் கிழவிக்கும் புரிந்துவிடும். கூத்து மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அடி அப்படியேதான் இருக்கும். அந்த அரை அடி மட்டும் ஆடுகிறவர்களுடையது.

அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் நினைக்க வேண்டும். விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் திரட்டும் இடத்துக்கு, ஆள் எழுப்ப அடித்ததும் தப்புதான். பகல் முழுக்க நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த உடம்பு, யாரோ குறித்த வரிசையில், யாரோ குறித்த வேகத்தில் அசைந்த உடம்பு, இரவில் அதே வாத்தியத்துக்குத் தன் இஷ்டத்துக்கு அரை அடி குறைக்கிறது, கூட்டுகிறது. இதைவிடப் பெரிய படைப்புச் செயலை எந்த ஓவியக் கூடத்திலும் நான் கண்டதில்லை.

காதலர் சோடிகளை வாழ்நாள் முழுக்க வரைந்தவர் 1901ல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற். கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. அவருடைய சோடிகளில் ஒருவருடைய கன்னத்துக்கு இட்ட கோடு மற்றவருடைய தோளுக்கும் எல்லையாகிவிடும். நடுவில் எதுவும் மிஞ்சாது. கோட்டின் வல்லமை அது. கூத்து அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நிற்கிறது. மதன் எரிந்தபின் ரதி புலம்புகிறாள். உயிர் திரும்பும்போதும் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்பது வரம். அதாவது, ஒரு சோடி ஆட்டத்தைத் தனி ஆள் ஆட வேண்டிய கட்டம். தேர்ந்த ரதி வேடக்காரர் அப்போதும் அந்த முழ தூரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். கடக்கும்போது தோளை ஒதுக்கி வழி விடுவார். வெறும் காற்றில் ஓர் ஆள் நிற்கிறான் என்று நாம் நம்புவது அந்த ஒதுங்கலால்தான். பால்ரூம் நடனத்தில் இப்படியொரு கட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இரண்டையும் நேசித்தாலும் காமன் கூத்தையே நான் மேலே வைப்பேன்.

இப்போது கூத்து மேடைகளுக்கும் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் அரை மணி நேரத்துக்குச் சுருக்கி, ரதியையும் மதனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இருவரையும் சபையைப் பார்த்து ஆட வைக்கும்போது நடுவில் இருந்த இடம் செத்துவிடுகிறது. ஒருவரையொருவர் பார்க்காதவர்களுக்கு நடுவே என்ன வளரும்? பொறுப்பாக இருக்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: மண்டபத்துக்குள் ஆடினாலும் மேடையை விட்டுக் கீழே இறங்குங்கள், சனத்தை வட்டமாக உட்கார வையுங்கள், தப்புக்காரர்களைத் திரைக்குப் பக்கத்தில் ஒதுக்காமல் ரதிக்கும் மதனுக்கும் கால் தெரிகிற தூரத்தில் நிறுத்துங்கள்.