வாசனை இல்லாத பெயின்ட்டும் ஜன்னல் கம்பியும்

மூன்று வாரம் முன்பு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க முடிவானது. 1986-இல் கட்டிய அடுக்குமாடி வீடு. நாங்கள் 2011-இல் வாங்கினோம். நான், மனைவி, பதின்மூன்று வயதில் மகள், நான்கு வயதில் மகன், ஒரு பூனை. கடையில் கலர் கார்டோடு ஒரு வழவழப்பான மடிப்புத்தாளும் கொடுத்தார்கள். குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் இருக்கும் வீட்டில் பாதுகாப்பாகப் பெயின்ட் அடிப்பது எப்படி என்று எட்டுக் குறிப்புகள். வேலைப் பழக்கம், எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் மாதிரி படித்துத் தொலைப்பேன். அப்படிப் படித்ததில் எழுந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பிறகு வேறு மூன்று கடைகளில் வாங்கிய தாள்களும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்.

முதலில் அட்டைப்படம். அப்பா ரோலரால் சுவரில் நீலம் அடிக்கிறார். பக்கத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை, கையில் பிரஷ். நாய்க்குட்டியின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு நீலம். உள்ளே முதல் குறிப்பு என்ன தெரியுமா? ‘பெயின்ட் அடிக்கும் அறைக்குள் குழந்தைகளை விடாதீர்கள்.’ படம் ஒன்று சொல்கிறது, எழுத்து வேறு சொல்கிறது. யாராவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்களா என்றே சந்தேகம்.

எட்டுக் குறிப்பில் ஆறு வாசனையைப் பற்றியவை. ஜன்னலைத் திற, ஃபேன் போடு, வாசனை போகும்வரை அந்த அறையில் படுக்காதே, குறைந்த வாசனையுள்ள பெயின்ட்டை வாங்கு, இத்யாதி. மூக்கில் நெடி அடித்தால் ஆபத்து, அடிக்காவிட்டால் ஆபத்தில்லை என்பதுதான் தாள் முழுக்க ஓடும் நம்பிக்கை. எனக்கும் நேற்றுவரை அதே நம்பிக்கைதான், மறைக்க என்ன இருக்கிறது.

1989 ஆகஸ்ட், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். நான்கு வயதுப் பையனுக்குக் கால் வலி, உடம்பெல்லாம் அரிப்பு, வியர்வை, நாடித்துடிப்பு அதிகம், உள்ளங்கைத் தோல் உரிகிறது. அந்த நோய்க்கு அக்ரோடைனியா என்று பெயர். பாதரசத்தால் வருவது. அதற்கு முந்தைய தலைமுறைகளில், பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பாதரசப் பொடியால் வந்துகொண்டிருந்த நோய். அந்தப் பொடி கடைகளிலிருந்து போனதும் நோயும் ஏறக்குறைய மறைந்துபோனது. 1989-இல் அது எங்கிருந்து வந்தது? நோய் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்னால் அந்த வீட்டின் உட்புறத்துக்கு 17 கேலன், அதாவது சுமார் 64 லிட்டர், பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் சாதாரண லேடெக்ஸ் பெயின்ட், நம்மூர் எமல்ஷன் போன்றது. டப்பாவில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் பாதரசச் சேர்மம் கலந்திருந்தது. அன்று அனுமதித்த அளவு 300 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 300 பங்கு. அந்த டப்பாக்களில் இருந்ததோ 900-க்கும் மேல். வெயில் காலம், ஏசி ஓடியது, ஜன்னல்கள் மூடியிருந்தன. வீட்டில் மற்றவர்கள் சிறுநீரிலும் பாதரசம் அதிகமாக இருந்தது. மறு வருஷம், 1990-இல், வீட்டு உட்புற பெயின்ட்டில் பாதரசம் கலப்பதை அங்கே நிறுத்தினார்கள்.

இன்றைய எமல்ஷனில் பாதரசம் இருக்கிறது என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பாதரச ஆவிக்கு வாசனை கிடையாது. அந்தத் தாளின் எட்டுக் குறிப்புகளையும் அந்தக் குடும்பத்தின் கையில் கொடுத்திருந்தால், ‘வாசனை போய்விட்டது, இனி படுக்கலாம்’ என்றுதான் முடிவெடுத்திருப்பார்கள்.

அடுத்து, கொட்டை எழுத்தில் ‘ஜீரோ வி.ஓ.சி.’ எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் இல்லை என்று அர்த்தம். கேட்பதற்கு மருத்துவச் சான்றிதழ் போல இருக்கிறது. ஆனால் இந்த அளவுகோல் பிறந்த கதையே வேறு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களின் புகைமூட்டத்தைக் குறைக்க வந்தது இது. வெயிலில் எந்த ஆவி வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குமோ அதை எண்ணுவதுதான் நோக்கம். படுக்கையறையில் மூச்சு விடும் குழந்தையை மனதில் வைத்து யாரும் அந்தப் பட்டியலைப் போடவில்லை. அதனால்தான் நெடி தூக்கும் அசிட்டோனை 1995-இல் அந்த நாட்டுப் பட்டியலிலிருந்து விலக்கினார்கள். அது ஓசோனை அவ்வளவாக உண்டாக்காது, அவ்வளவுதான் காரணம். நெடியில் மூக்கைப் பிடிக்க வைக்கும் அம்மோனியாவோ கரிமச் சேர்மமே அல்ல, எனவே கணக்கிலேயே வராது. ஒரு வேலைக்கு எழுதிய டெஸ்ட்டை வேறு வேலைக்கு ஓட்டி, பச்சை விளக்கு எரிகிறது என்று ரிலீஸ் பண்ணும் கதை. இன்னொன்று, அந்த ஜீரோ பல சமயம் வெள்ளை பேஸுக்குச் சொல்வது. கடைக்காரர் மெஷினில் வைத்து கலர் ஊற்றும்போது அந்தச் சாயத்தோடு போகும் கரைப்பான் தனி. அடர் நிறம் என்றால் சாயமும் அதிகம்.

குறைந்த வி.ஓ.சி. பெயின்ட் வாங்குவதே வீண் என்று சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் வாங்கினேன். தலைவலி குறையும், ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொந்தரவு குறையும். ஆனால் அது ஒரு கேள்விக்கான பதில் மட்டும்தான்.

தாள் கேட்காத கேள்விதான் எனக்குப் பெரியது. புதுப் பெயின்ட் அடிக்குமுன் பழையதை என்ன செய்கிறோம்? சுரண்டுகிறோம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம். தூசி பறக்கிறது. எட்டுக் குறிப்பில் இந்த வேலையைப் பற்றி அரை வரி: ‘சுவரைச் சுத்தம் செய்து தயார்படுத்துங்கள்.’ பெயின்ட் விற்பவருக்குப் பழைய பெயின்ட்டில் வியாபாரம் இல்லை, அதனால் அது அரை வரி. ஆனால் தரையில் தவழும் குழந்தைக்கு ஆபத்து அந்த அரை வரிக்குள்தான் இருக்கிறது.

ஈயம் கலந்த பெயின்ட் குழந்தைகளை நோயாக்குகிறது என்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் எழுதியது 1904-இல். வெயிலில் பொடிந்த வராந்தாக் கம்பியின் பெயின்ட் குழந்தைகளின் விரலில் ஒட்டுகிறது, விரல் வாய்க்குப் போகிறது என்று வழியையே காட்டிவிட்டார். 1921-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு, கட்டிடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் அடிப்பதற்கு எதிராக ஒரு உடன்படிக்கை போட்டது. 1923-இல் அமெரிக்காவின் நேஷனல் லெட் கம்பெனி என்ன செய்தது? ஈயத்தின் பெருமையைச் சொல்லும் குழந்தைகள் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. அதன் டச் பாய் பெயின்ட்டின் சின்னமே கையில் பிரஷ் பிடித்த ஒரு சின்னப் பையன். என் கையில் இருக்கும் தாளின் அட்டைப்படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நூறு வருஷமாகியும் அந்தக் குழந்தை பிரஷைக் கீழே வைக்கவில்லை.

அமெரிக்கா 1978-இல் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது. இந்தியாவில் 90 பிபிஎம் வரம்பு சட்டமானது 2016-இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். இன்றைய டப்பாவில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இல்லை என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். அதற்கு முன் அடித்ததற்கு அப்படியொரு உத்தரவாதம் கிடையாது. சுவர் எமல்ஷனைவிட எனாமலில்தான் சந்தேகம் அதிகம். மஞ்சள், சிவப்புக்கு ஈயக் குரோமேட் போடுவார்கள். அந்த மஞ்சளில் நீலம் கலந்தால் பச்சை. சீக்கிரம் காய வேண்டும் என்பதற்கும் ஈயச் சேர்மம் போட்டதுண்டு. ஆக, நம் வீடுகளில் எது? ஜன்னல் கம்பி, கதவு, பால்கனி கிரில், இரும்புத் தொட்டில். குழந்தை பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பல் முளைக்கும்போது கடித்துப் பார்க்கும் அத்தனையும்.

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி பச்சை. 2013-இல் கடைசியாக அடித்தபோது நானே பக்கத்தில் நின்று, ‘நல்லா சுரண்டுங்க அண்ணே, பழசு தெரியக் கூடாது’ என்று சொன்னேன். நாலு நாள் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தார்கள். சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு அதே ஹாலில் பாய் விரித்தோம். மூத்தவளுக்கு அப்போது பத்து மாசம், தவழ்ந்துகொண்டிருந்தாள். வாசனை வருகிறதே என்று ஜன்னலை மட்டும் அக்கறையாகத் திறந்து வைத்தேன்.

இப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியுமா என்று தேடினேன். ரத்தத்தில் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். கொஞ்சம் வெளியேறிவிடும், மீதி எலும்பில் போய் வருஷக்கணக்கில் தங்கும். பதிமூன்று வருஷத்துக்கு அப்புறம் எடுக்கும் ரிப்போர்ட் அந்த நாலு நாளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பாதுகாப்பானது என்று ஓர் அளவே கண்டறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. மனைவியிடம் சொன்னேன். ‘அவதான் கணக்குல நல்ல மார்க் வாங்குறாளே, விடுங்க’ என்றாள். ராத்திரி பதினொரு மணிக்கு அவளே கேட்டாள், ‘பூனைக்கும் ஆகுமா?’

ஆகும். பூனை நாள் முழுக்க உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். தரைத் தூசி முடியில் ஒட்டினால் நேராக வயிற்றுக்குள் போகும். தாளில் செல்லப்பிராணிகளுக்கான ஒரே குறிப்பு ‘ஈரச் சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’ சுவர் கெட்டுப்போகும் என்ற கவலை போல! கிளி, லவ் பேர்ட்ஸ் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பறவைகளின் நுரையீரல் நம்முடையதைவிடத் தீவிரமாகக் காற்றை உறிஞ்சுவது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரியைக் கூண்டோடு கொண்டுபோனது அதனால்தான். கூண்டைப் பக்கத்து அறைக்கு மாற்றினால் போதாது, வேறு வீட்டுக்கே அனுப்ப வேண்டும்.

தாள் விட்ட இன்னொன்று தின்னர் பாட்டில். நம்மூரில் தின்னரும் டர்பன்டைனும் கடையிலிருந்து வருவதே பழைய தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்ஸ் பாட்டிலில். தாகத்தில் இருக்கும் நான்கு வயதுக்காரனுக்கு அது தண்ணீர்தான். ஒரு மடக்கு போதும், வயிற்றைவிட நுரையீரலுக்குள் இறங்குவதுதான் ஆபத்து. அதனால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். காலியான 20 லிட்டர் பக்கெட் வேறு. அதைக் கழுவி பாத்ரூமில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா? நடக்கப் பழகும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் அதிலிருந்து தானாக எழ முடியாது.

இந்த முறை வந்த பெயின்டர் அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். கம்பியைத் தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், கீழே பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும், புளோ லாம்ப் வேண்டாம் என்றேன். சூடு வைத்தால் ஈயம் புகையாகவே வரும். ‘ஈரத்துல தேச்சா ரெண்டு நாள் ஜாஸ்தி ஆகும் சார்’ என்றார். இரண்டு நாள் கூலி சேர்த்துத் தருகிறேன் என்றதும் சரி என்றார். ஆளுக்கு ஒரு என்95 மாஸ்க் கொடுத்தேன். போகும்போது சட்டையை இங்கேயே மாற்றிக்கொள்ளச் சொன்னபோதுதான் சிரித்தார். ‘நாப்பது வருஷமா இந்தச் சட்டையோடதான் சார் வீட்டுக்குப் போறேன். பேரன் ஓடி வந்து தூக்கச் சொல்வான்.’

எட்டுக் குறிப்பில் அவர் எங்குமே இல்லை. குழந்தையும் நாயும் இருக்கும் வீடு என்றால் அது பெயின்ட்டை வாங்குபவரின் வீடு மட்டும்தானா? நாள் முழுக்க அந்தத் தூசிக்குள் நிற்பவர் சட்டையில் ஒட்டி அது இன்னொரு வீட்டுக்கும் போகிறது, அங்கேயும் ஒரு பேரன் இருக்கிறான்.

மகனும் பூனையும் பன்னிரண்டு நாள் மாமியார் வீட்டில். இங்கே தினமும் சாயங்காலம் ஷீட்டை உள்பக்கமாக மடித்துக் கட்டி, தரையை ஈரத் துணியால் இரண்டு தடவை துடைத்தோம். துடைப்பத்தைப் பரணில் போட்டுவிட்டேன். சாதாரண வேக்யூம் கிளீனரையும் எடுக்கவில்லை, அது நுண்தூசியை ஒருபக்கம் இழுத்து மறுபக்கம் ஊதிவிடும். பால்கனி கிரிலில் பழைய பெயின்ட் எங்கும் உரியாமல் கெட்டியாக இருந்தது. அதைச் சுரண்டவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து மேலேயே அடியுங்கள் என்றேன். கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பெயின்ட் அப்படியே மூடிக் கிடப்பதுதான் நல்லது. உரசும் இடங்கள்தான் தொல்லை, ஜன்னல் மூடித் திறக்கும் விளிம்பும் கதவு நிலையும். அவற்றை மட்டும் முழுதாக எடுத்தோம். அண்ணனுக்கு இதில் திருப்தியில்லை. கிரிலில் பழைய பெயின்ட்டின் மேடு பள்ளம் தெரிகிறது, ஃபினிஷிங் வரவில்லை என்று கடைசி நாள்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தெரியத்தான் செய்கிறது.