கண்டி ஈரத்தில் லெதர் சீட்: முதலில் கிளீனர், பிறகுதான் கண்டிஷனர்

லெதர் சீட்டுக்கு என்ன போடலாம் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது கண்டிஷனர் போத்தலைத்தான். பளபளவென்று ஆக்கும், வெடிப்பு வராது என்பார். கண்டியில் ஓடும் காருக்கு அதைவிட அவசியம் நல்லதொரு கிளீனர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் நம் வீதிகளில் ஓடுபவற்றில் வயதான ஜப்பான் கார்கள் ஏராளம். குஷன் கடையில் சீட்டைப் புதிதாகத் தைப்பது லேசான செலவில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதே புத்தி.

போத்தல் வாங்குமுன் சீட்டைச் சோதியுங்கள். மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் அது பூச்சில்லாத தோல். மிக மெதுவாகக் கையாள வேண்டும். முத்தாக நின்றால் மேலே பொலியூரிதேன் பூச்சு இருக்கிறது, அல்லது அது வெறும் ரெக்சின். இக்காலக் கார் சீட்டுகளில் பெரும்பாலானவை பூச்சுள்ளவைதான். சாய்கிற இடம் மட்டும் தோலாகவும் பக்கங்கள் ரெக்சினாகவும் இருப்பதும் உண்டு. பூச்சைத் தாண்டிக் கண்டிஷனர் அதிகம் உள்ளே போகாது. பூச்சை அரிப்பதோ வியர்வை, எண்ணெய்ப்பிசுக்கு, மணல்தூசி.

நான் கிளீனரைப் பாவித்தது வெளிர்மஞ்சள் சீட்டுள்ள ஒரு பழைய காரில். முதலில் வெக்யூம். பிறகு லெக்சோல் போல, தோலின் இலேசான அமிலத்தன்மைக்கு ஒத்துப்போகும் கிளீனர். அதைச் சீட்டில் நேரே ஊற்றாமல் மென்மையான பிரஷில் எடுத்து, ஒரு சாண் அளவாகத் தேய்த்தேன். சாரதி ஏறி இறங்கும் பக்கத்து மேட்டில் நுரை தேயிலைச் சாயம்போல் மாறியது. துடைத்த வெள்ளைத் துணியில் டெனிமின் நீலம் தனியாக ஒட்டியிருந்தது. சுருக்கங்களில் கறுப்பாகத் தெரிந்த கோடுகளில் பாதி வெடிப்பே இல்லை, படிந்த அழுக்கு. துடைத்து முடித்ததும் மினுக்கம் போய் மங்கலான நிறம் வந்தது. அதுதான் சீட்டின் இயல்பான தோற்றம்.

மெகுயர்ஸ் கோல்ட் கிளாஸ் போன்ற, துடைப்பதையும் பதப்படுத்துவதையும் ஒன்றாகச் செய்யும் 414 மில்லிலீற்றர் போத்தல், சுத்தமாக வைத்திருக்கும் காருக்கு நல்ல தெரிவு. மாதமொருமுறை துடைக்க வசதி, கையில் வழுக்காது. பல வருட அழுக்கேறிய சீட்டுக்கு அது போதவில்லை. அங்கே கிளீனரும் கண்டிஷனரும் தனித்தனியாகவே வேண்டும். கண்டிஷனரைத் துணியில் மெல்லியதாகத் தடவி, சிறிது நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சவர்க்காரத் தூள் வேண்டாம். அதன் காரம் தோலுக்கு ஆகாது. தேங்காயெண்ணெயும் வேண்டாம், சிக்கெடுக்கும், தூசியைப் பிடிக்கும். துளையிட்ட சீட்டில் எதையும் ஸ்பிரே பண்ண வேண்டாம். உள்ளே போன ஈரம் லேசில் காயாது.

ஈரம்தான் இங்கே பெரிய எதிரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே, இரண்டு பருவமழையையும் காணும் ஊர் இது. ஹந்தானைப் பக்கம் நிழலில் சில நாள் பூட்டிக்கிடந்த காரைத் திறந்தால் பூஞ்சண வாடை முகத்தில் அடிக்கும். பூஞ்சணம் வளர்வது அழுக்கிலும் ஈரத்திலும். அழுக்கின் மேல் கண்டிஷனரைப் பூசினால் அதற்குத் தீனி போடுவதாகத்தான் முடியும். சுத்தம் செய்வதை மழையில்லாத காலையில் வைத்துக்கொண்டு, நிழலில் நான்கு கதவையும் திறந்து காயவிடுங்கள். புறப்பட்டதும் ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் சற்று நேரம் ஓடவிடுங்கள்.

ஒரு போத்தலுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் கிளீனரை வாங்குங்கள். நனைந்த குடையைப் பின்சீட்டுக்குக் கீழே போடுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்; கால்மிதியைத் தூக்கி, கீழே கார்ப்பெட் ஈரமா என்று வாரமொருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.